தாத்தாவின் கோலில் ஒரு 'சி'!

மயிலாடுதுறையில் பஸ் ஏறி, தரங்கம்பாடியைத் தாண்டி, நண்டலாற்றுப் பாலத்தைக் கடந்தால் காரைக்கால். எல்லை வந்துவிட்டதை போர்டு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒயின் ஷாப்பே சொல்லிவிடும்! பஸ்ஸில் பாதிப் பேர் முகம் மலர்ந்தது. நான் போனது அதற்கில்லை சார், நம்புங்கள்.

"மாப்ளே! தாத்தாவோட பில்லியர்ட்ஸ் கோல் பரண்ல கிடைச்சிருக்கு. பிரெஞ்சு கவர்னரே கொடுத்ததாம். எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு கண்டுபிடிச்சா லட்சத்துல போகும்" என்று மாமா போன் செய்திருந்தார். வீட்டுக் கடனில் மூன்று தவணை பாக்கி. அவசரம் புரிந்தது.

1739-லிருந்து 1954 வரை காரைக்கால் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. இங்கிருந்து சைகோனுக்குப் போய் உத்தியோகம் பார்த்தவர்கள் ஏராளம். தாத்தாவும் அங்கே குமாஸ்தா.

பி.காம். படித்த எனக்குத் தெரிந்த ஒரே 'பேலன்ஸ்' பேலன்ஸ் ஷீட்தான். அதனால் கிளம்பும் முன், சென்னையில் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்து ரிட்டயரான பெரியவரிடம் பாடம் கேட்டுக்கொண்டேன்.

"இங்கிலீஷ் கோல்னா அடிப்பக்கம் பெரும்பாலும் பேட்ஜ் இருக்கும். ஆனா, பேட்ஜை நம்பிடாதீங்க தம்பி! 'வால்டர் லிண்ட்ரம் 4137'னு போட்டிருந்தா அவர் செஞ்சதுன்னு அர்த்தமில்லே. 1932-ல அவர் ஒரே ஆட்டத்துல தொடர்ந்து எடுத்த பாயிண்ட் அது. வெறும் விளம்பரம்! லிவர்பூல் பெரடான் கம்பெனிகூட மத்தவங்க பேர்ல நிறைய கோல் செஞ்சு கொடுத்திருக்கு. கைப்பிடியில கறுப்பு மரமும் வெளுப்பு மரமும் சேர்ற முனை வளைவா இருந்தா கைவேலை. ஊசியா இருந்தா மெஷின். முதல்ல அளந்து பாருங்க."

காரைக்காலில் மாமியின் தையல் டேப்பால் அளந்தேன். நீளம் 55 அங்குலம். நுனி 12 மில்லிமீட்டர். இங்கிலீஷ் கோல் 57, 58 அங்குலம் இருக்கும். நுனி பத்தைத் தாண்டுவது அபூர்வம். ஆக, இது பிரெஞ்சு ஆட்டத்துக்கான கோல். அந்த மேஜையில் ஓட்டையே கிடையாது. மூன்றே பந்து. நம் பந்து மற்ற இரண்டையும் தொட வேண்டும். பந்து பெரிசு, கனமும் அதிகம். அதனால்தான் கோல் குட்டை, நுனி தடிப்பு.

பேட்ஜ் இல்லை. அடியில் கத்தியால் கீறிய ஓர் ஆங்கில எழுத்து மட்டும். 'சி'.

"சி-ன்னா கம்பெனிடா!" என்று மாமா துள்ளினார்.

மாமி பேசாமல் உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து தாத்தாவின் பழைய பிரெஞ்சுக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். தாத்தா பெயர் 'கு'வில் ஆரம்பிக்கும். நாமாக இருந்தால் 'கே' போடுவோம். பிரெஞ்சு ஸ்பெல்லிங்கில் குமார்கூட சி-ஓ-யு தான்! கீழே தாத்தாவின் கையெழுத்து. முதல் எழுத்து, வால் சுழித்த 'சி'. கோலில் இருந்ததும் அதே சுழி!

கவர்னர் ஆசையாகக் கொடுத்த பரிசில் யாராவது கத்தியால் கீறுவார்களா? கிளப்பில் பத்துக் கோல்களோடு கலந்துவிடக் கூடாதென்று, விளையாடுகிறவன் போடுகிற அடையாளம் அது. செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை. லட்சமும் இல்லை. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

மாமா வெகுநேரம் அந்த எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா சிரிச்சே நான் பார்த்ததில்லைடா. விளையாடுவாரா அவரு?"

தவணைக்கு மாமி சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். கோல் பரணுக்குத் திரும்பவில்லை. நான் ஊருக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு மேஜையில் மூன்று எலுமிச்சம்பழம். மாமா ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்து, 'டொக்'!

இரண்டையும் தொட்டது.

"பாயிண்ட்!" என்றார் மாமா.

"ஐயோ, ரசத்துக்கு வெச்சிருந்தேன்!" என்றார் மாமி.