திரும்பி வரும் டப்பா

மும்பையில் தமிழர் வாழும் பகுதி எது என்று கேட்டால், நம்மவர் வாயில் முதலில் வருவது மாட்டுங்கா. 1896-இல் பிளேக் நோய் இந்நகரை உலுக்கிய பின், நெரிசலைக் குறைப்பதற்காக வகுக்கப்பட்ட புதுக் குடியிருப்புகளில் அதுவும் ஒன்று. பூக்கடைகளைக் காண விரும்புவோர் மாலையில் செல்லலாம். நானோ, காலை ஒன்பதரை மணிக்கு ரயில் நிலைய வாயிலில் நின்று பார்க்கச் சொல்வேன்.

அவ்வேளையில் வெள்ளைக் குல்லாய் அணிந்த டப்பாவாலாக்கள் சைக்கிளில் வந்து சேர்வார்கள். பெரும்பாலோர் புனே ஜில்லாக் கிராமத்தார். 1890-இல் தோன்றிய தொழில் இது. மூடியில் தீட்டிய நிறமும் எண்ணும் எழுத்துமே விலாசம். நீண்ட மரத்தட்டில் டப்பாக்களை அடுக்கித் தலையில் சுமந்து, லோக்கல் வண்டியின் சாமான் பெட்டியில் ஏறுவார்கள். நகரின் தென்கோடியில் இறங்கி, இடம்வாரியாகப் பிரித்து, ஒரு மணிக்குள் அலுவலகங்களில் சேர்ப்பார்கள். மாலைக்குள் வெறும் டப்பா புறப்பட்ட வீட்டுக்கே திரும்பிவிடும். இவ்வளவு பெரிய பிரயாணத்தில் எறிய வேண்டிய பொருள் ஒன்றுமில்லை!

எங்கள் அலுவலகத்தில் கண்டதோ நேர்மாறு. புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஐவரும் கைப்பேசி மூலம் உணவு வரவழைப்பார்கள். ஒருவர் பசிக்குப் பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்று, அவற்றைச் சுற்றி ஒரு பை. அரை மணியில் யாவும் குப்பை.

அதைக் காணும்போதெல்லாம் 2005 ஜூலை 26 என் நினைவுக்கு வரும். அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. குர்லா அருகே வண்டி நின்றுவிட, என் தந்தையார் இடுப்பளவு நீரில் நடந்து, விடிந்த பிறகே முலுண்ட் வந்து சேர்ந்தார். அம்மா இரவெல்லாம் வாசற்படியில் அமர்ந்திருந்தார். பள்ளிச் சிறுவனான நான் அதை மறக்கவில்லை. மழையே முதற் காரணம். எனினும், வடிகால்களை அடைத்த பிளாஸ்டிக்கும் வெள்ளம் வடியாமல் தடுத்தது.

இதை ஒருநாள் இளைஞர்களிடம் சொன்னேன். விழுப்புரத்துப் பிள்ளை ஒருவன், "நீங்கள் சொல்வது சரிதான் அண்ணே. நாங்கள் நால்வர் ஓர் அறையில் இருக்கிறோம். அடுப்பு வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. வேறென்ன செய்வது?" என்றான். மனைவி கட்டித் தந்த சோற்றை முன்னே வைத்துக்கொண்டு உபதேசம் செய்த எனக்கு வெட்கமாகிவிட்டது.

அன்று மாலையே மாட்டுங்காவில் வீட்டுச் சமையல் செய்து அனுப்பும் மாமி ஒருவரைத் தேடிச் சென்றேன். "நம்ம ஊர்ப் பிள்ளைகளா? தாராளமா அனுப்பறேன். டப்பாவை மட்டும் தினம் திருப்பி அனுப்பச் சொல்லுங்கோ" என்றார். அப்பிள்ளை மாதக் கணக்குப் போட்டுப் பார்த்தான். கைப்பேசிச் செலவைவிடக் குறைவு. மீதத்தை ஊருக்கு அனுப்புகிறான்.

இன்று ஐவரில் மூவருக்கு டப்பா வருகிறது. தேநீருக்கும் அவரவர் மேஜையில் எவர்சில்வர் டம்ளர் உண்டு. மற்ற இருவரை நான் கடிந்துகொள்வதில்லை. டப்பா திறக்கும்போது எழும் ரசத்தின் மணம் என்னைவிட நன்றாகப் பேசும்.

அன்பர்களே! உங்கள் தெருவிலும் அடுப்பில்லாத அறையில் நம் பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்களுக்குப் புத்தி சொல்லுமுன் ஒரு வழி காட்டுங்கள். அதுவே நாம் செய்யத்தக்க உதவி.