வீட்டு வரி அறிவிப்பு வந்தால்

சொத்து வரி அறிவிப்பைக் கண்டதும் நம் பங்கு மக்கள் செய்வது இரண்டில் ஒன்று. வட்டிக்கு வாங்கியேனும் கட்டிவிடுவர். அல்லது அலமாரியில் திருவிவிலியத்திற்கு அடியில் செருகி வைத்து மறந்துவிடுவர். கணக்கு தவறாயின் முறையிடலாம் என்னும் மூன்றாவது வழியைப் பலர் அறியார். அறிந்தவரும், "சர்க்காரோடு நமக்கேன் வம்பு?" என்று ஒதுங்குவர்.

வரி கொடுத்தல் மனச்சான்றின் கடமை என்பதில் ஐயமில்லை. தெருவிளக்கும் சாக்கடையும் அப்பணத்தில்தான் நடைபெறுகின்றன. 1948 ஆம் ஆண்டுச் சட்டப்படி நூலக வரியும் அதனோடு சேர்த்தே பெறப்படுகின்றது. ஆயினும், சுமையை அவரவர் ஆற்றலுக்கேற்பப் பகிர்தலும் நீதியின் ஒரு கூறே என்று குருமடத்தில் எமக்குக் கற்பித்தனர். ஆதலின் தவறான கணக்கைத் திருத்தக் கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது.

வீட்டின் பரப்பு, அது அமைந்த தெரு, கட்டடத்தின் வகை, வயது, உரிமையாளர் குடியிருக்கிறாரா அன்றி வாடகைக்கு விட்டிருக்கிறாரா என்பவற்றைக் கொண்டு ஆண்டு மதிப்பு கணக்கிடப்படுகின்றது. அம்மதிப்பின் மீதே வரி. 2022 ஏப்ரலில் தமிழகமெங்கும் வரி உயர்த்தப்பட்டபோது, கோவை போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடும், 1200 வரை 50 விழுக்காடும், 1800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் உயர்வு என அறிவித்தனர். ஏழைக்குக் குறைவு, வசதியுள்ளவர்க்கு மிகுதி, நல்ல ஏற்பாடுதான். ஆனால் 600 சதுர அடியை ஓர் அடி தாண்டினாலும் உயர்வு இருமடங்காகிவிடும்!

அவ்வாண்டு கைம்பெண் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். கணவர் பஞ்சாலைத் தொழிலாளியாய் இருந்து இறந்தவர். அவர் விட்டுச் சென்ற ஒரே சொத்து லைன் வீடு ஒன்று.

"ஏனுங்க சாமி, அறுநூத்திப் பதினெட்டு அடின்னு போட்டிருக்காங்க. எங்க வூடு அவ்வளவு இல்லீங்களே. நானு யாருகிட்டப் போயிக் கேப்பேனுங்க?"

உபதேசியாரை அளவு நாடாவுடன் அழைத்துச் சென்றேன். வீடு 572 சதுர அடியே இருந்தது. எஞ்சிய 46 அடி, பக்கத்து வீட்டாருக்கும் பொதுவான நடை! அது முழுவதையும் இவ்வம்மையாரின் கணக்கில் எழுதிவிட்டனர். பெருந்தொகையன்று; ஆயினும் பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கி வாழ்பவருக்கு அது ஒரு மாத அரிசி.

மனு எழுதுவது கடினமன்று. வரிவிதிப்பு எண், அறிவிப்பில் கண்ட அளவு, உண்மை அளவு, கிரயப் பத்திரத்தின் நகல், கையால் வரைந்த ஒரு படம், இவை போதும். முதல் முறையீடு ஆணையருக்கு. அதில் நிறைவு இல்லையெனில் மேல்முறையீடு. அதற்கும் மேல் நீதிமன்றம். அறிவிப்பில் குறித்த கெடுவைத் தவறவிடலாகாது. மனுவைக் கொடுத்தால் ஒப்புகை பெறாமல் திரும்பலாகாது. முறையிட்டுவிட்டோம் என்று வரியை நிறுத்தி வைப்பதும் பிழையே. கோரிய தொகையைச் செலுத்திய பின்னரே மேல்முறையீடு கேட்கப்படும் என்பது நம் நகராட்சிச் சட்டங்களின் நெடுநாள் வழக்கம்.

சாதாரண மக்கள் முறையிட்டு என்ன பயன் என்பார்க்கு ஒன்று சொல்வேன். குண்டூர் நகரின் வரி செலுத்துவோர் சங்கத்தார் தம் நகராட்சியோடு வழக்காடி உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நியாய வாடகைக்கு மேல் வீட்டின் மதிப்பைக் கணிக்கலாகாது என்று 1970 இல் தீர்ப்பாயிற்று. நம் கோவையிலும் 2024 இல் ஆளில்லா வானூர்தி கொண்டு கட்டடங்களை அளந்தபோது வரி தாறுமாறாக ஏறியதென மக்கள் குரலெழுப்பினர். வானிலிருந்து காணும் கருவிக்குக் கூரை தெரியும். அதன்கீழ் உள்ள நடை யாருடையது என்று தெரியுமோ?

அவ்வம்மையாரின் வீட்டுக்கு ஊழியர் ஒருவர் மீண்டும் வந்து அளந்தார். இரண்டு மாதத்தில் திருத்திய கணக்கு வந்தது. மிகுதியாய்க் கட்டிய பணம் அடுத்த அரையாண்டில் கழிக்கப்பட்டது. மறுவாரமே அதே லைனிலிருந்து மூவர் தத்தம் ரசீதுகளுடன் வந்து நின்றனர். உபதேசியார் அளவு நாடாவை இன்னும் திருப்பித் தரவில்லை.