உலக முடிவிற்கு ஒரு கட்டுணவு

நுவரெலியாவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்திலே, கடல் மட்டத்திற்கு மேல் 2,100 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் விரிந்து கிடப்பது ஹோட்டன் சமவெளி. 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாக விளங்கிய சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. சிங்கள மக்கள் அதனை மகா எலிய என்பர். பெரிய வெளி என்பது அதன் பொருள். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் ஓடைகள் இங்கே பிறக்கின்றன. 1988 இல் தேசியப் பூங்காவாகிய இந்நிலம், 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இங்கு செல்வோர் யாவரும் காண விழைவது உலக முடிவையே. சமவெளி திடீரென அற்று, ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்குச் செங்குத்தாக வீழும் இடம் அது. வானம் தெளிந்திருப்பின், கீழே தேயிலைத் தோட்டங்களும், அவற்றுக்கு அப்பால் தாழ்நிலமும் தோன்றும். ஆனால் காலை ஒன்பது பத்து மணிக்குள் மூடுபனி எழுந்து காட்சியை மறைத்துவிடுவது வழக்கம். ஆதலால் விடியுமுன்னரே புறப்படல் வேண்டும். சுற்றிவரும் பாதை ஒன்பது கிலோமீற்றர் அளவினது. அதில் கடை கண்ணி எதுவும் இல்லை. காலை உணவைக் கையோடு கொண்டு செல்வதே வழி.

நம் முன்னோர் வழிப்பயணத்திற்குக் கட்டுச்சோறு கொண்டு சென்றனர். மலைக் குளிரிலோ சோறு விறைத்துப்போகும், விரல்களும் விறைத்திருக்கும். அங்கே பாண் துண்டுகளுக்கிடையே இறைச்சிக் கலவை தடவிய சான்ட்விச் மிக ஏற்றது. அதனை முதல்நாள் மாலையே எளிதில் ஆயத்தம் செய்யலாம்.

ஐவருக்கு, எலும்பு நீக்கிய கோழியிறைச்சி 400 கிராம் போதும். உப்பும் ஒரு துண்டு இஞ்சியும் இட்டு நன்றாக வேகவைத்து, ஆறியதும் நார்நாராகப் பிரித்துப் பொடியாக அரிந்துகொள்க. மூன்று முட்டைகளை முற்ற அவித்து, மஞ்சட்கருவை மாத்திரம் எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி பட்டர், ஒரு தேக்கரண்டி அரைத்த கடுகு, அரைத் தேசிக்காயின் சாறு ஆகியவற்றுடன் குழைத்திடுக. பச்சை முட்டையிற் செய்யும் குழம்பு பயணத்திற்கு உகந்ததன்று. அவித்த கருவிற் செய்யும் இதுவே நம்பத்தக்கது. இதனோடு இறைச்சி, அரிந்த வெள்ளைக்கரு, துருவிய சிறு கரட் ஒன்று, நுவரெலியாவுக்கே உரிய லீக்ஸின் வெண்பகுதி சிறிது, மிளகுத்தூள், உப்பு ஆகியன சேர்த்துப் பிசைக. காய்கறிகளைக் கழுவியபின் ஈரம் போகத் துடைத்தல் அவசியம். இன்றேல் கலவை நீர்த்துவிடும்.

கலவையை இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, புறப்படும் வேளையிலே பாணில் தடவுக. முதலில் மெல்லியதாகப் பட்டர் பூசினால் பாண் ஊறாது. குளிர்ப் பிரதேசந்தானே என்று மாலைவரை வைத்திருத்தல் தகாது. காலையிலேயே உண்டு முடித்துவிடுக.

இனி, கட்டும் முறைக்கு வருவோம். பூங்காவின் நுழைவாயிலிலே பைகளைச் சோதித்து, பொலித்தீனை அகற்றிவிடுவார்கள். தணலில் வாட்டிய வாழையிலையில் சான்ட்விச்சுகளைச் சுற்றி, மூடியுள்ள தகரப் பெட்டியில் அடுக்கினால் இத்தொல்லை இல்லை. இலையின் நறுமணமும் பாணிற்கு ஒரு தனிச் சுவையைத் தரும்.

அந்தச் சோதனையைச் சிலர் வீண் கெடுபிடி எனக் கருதக்கூடும். அதன் காரணம் புல்வெளியிலே மேயும் மரைகளாகும். வாகனத் தரிப்பிடத்தருகே அவை மனிதரை அஞ்சாது நெருங்கி வரும். குழந்தைகள் மகிழ்ந்து பாணை நீட்டுவர், பெற்றோரும் தடுப்பதில்லை. இவ்வாறு மனிதர் உணவிற்குப் பழகிய மரை, உணவு மணக்கும் உறையையும் விழுங்கிவிடுகிறது. பொலித்தீன் செரிப்பதில்லை, வெளியேறுவதும் அரிது. அது இரைப்பையிலே திரண்டு புல்லுக்கு இடமில்லாமற் செய்ய, வயிறு நிறைந்தவாறே மரை பட்டினியால் மெலிகின்றது.

1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், இம்மலைகளில் வேட்டை நாய்களைக்கொண்டு மரைகளைத் துரத்திக் கொன்றவர். அதனை நூலாகவும் எழுதியவர். உலக முடிவிற்குச் செல்லும் சுற்றுப் பாதையிலுள்ள நீர்வீழ்ச்சி அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஒருகாலத்தில் இங்கு உலவிய யானைகள் வேட்டைக்காரரால் அடியோடு அழிந்தன. மரைகள் மாத்திரம் தப்பிப் பிழைத்தன. நாய்க்கும் கத்திக்கும் தப்பிய அவ்வினம், நாம் அன்போடு நீட்டும் ஒரு துண்டு பாணுக்கு இரையாகலாமா?

ஆகவே, உலக முடிவைக் காணச் செல்லும் குடும்பத்தினர் தம் கட்டுணவைத் தாமே உண்க. மரைக்குப் புல் இருக்கின்றது. வாழையிலையையும் எஞ்சிய துணுக்குகளையும் பெட்டிக்குள்ளேயே இட்டு வீட்டுக்குக் கொண்டுவருக. விருந்தினராய்ச் சென்ற இடத்தில் நாம் வந்துபோன சுவடே தெரியாதிருத்தல், அம்மலைக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.