வாயிலும் வயிறும்

கொச்சிக்குச் செல்லும் தமிழ்நாட்டுப் பயணிகளின் நிரலில் இரண்டு இடங்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. ஒன்று, நகருக்குக் கிழக்கே பள்ளிக்கரையில் உள்ள வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா. 2000ஆம் ஆண்டில் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கப்பட்ட அதனை இன்றும் பழைய பெயராலேயே அழைப்போர் உண்டு. மற்றொன்று, உப்பங்கழிக்கு அப்பால் உள்ள மட்டாஞ்சேரி. முதல் நாள் பூங்கா, மறுநாள் அரண்மனையும் யூதர் தெருவும் என்பது பள்ளிச் சுற்றுலாவுக்கும் குடும்பப் பயணத்துக்கும் வழக்கமாகிவிட்ட வரிசை. இரண்டு நாட்களிலும் அதே வயிறுகள்தாம், அதே பணப்பைதான். ஆயினும் இரு நாட்களின் உணவுக்கணக்குகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக அமைகின்றன. முதல் நாள் ஒரு வேளைக்குச் செலவான தொகையில் மறுநாள் மூன்று வேளையும் உண்டு முடித்துவிட முடிகிறது.

இவ்வேறுபாட்டைச் சுவையோ தரமோ விளக்கிவிடாது. இதற்குக் காரணம் வாயில். 'இல்வாய்' என்பதே முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று என்று தமிழ் இலக்கணம் கூறும். இலக்கணப்போலிக்கு வகுப்பறைகளில் காட்டப்படும் எடுத்துக்காட்டுகளுள் அதுவும் ஒன்று. ஒருமுறை உள்ளே நுழைந்தபின் வேறு கடைக்குச் செல்ல வழியில்லாத இடத்தில், உணவின் விலையை அரிசியோ எண்ணெயோ தீர்மானிப்பதில்லை, வாயிலே தீர்மானிக்கிறது. வானூர்தி நிலையத்துத் தேநீருக்கும் திரையரங்கச் சோளப்பொரிக்கும் பொருந்தும் விதி இது.

பொருளியலில் இது பழைய வினா. வால்டர் ஓய் என்ற பொருளியலறிஞர் 1971இல் டிஸ்னிலாந்தை முன்வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஒரு பூங்கா நுழைவுக் கட்டணத்தை உயர்த்தி விளையாட்டுகளை மலிவாக்க வேண்டுமா, நுழைவை மலிவாக்கி ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியே வாங்க வேண்டுமா என்பதை ஆராய்ந்தார். அன்று டிஸ்னிலாந்தில் விளையாட்டுகளுக்குத் தனித்தனிச் சீட்டுகள் இருந்தன. 1982இல் அம்முறை கைவிடப்பட்டு, ஒரே நுழைவுச்சீட்டில் அனைத்தும் என்ற முறை வந்தது. இந்தியப் பூங்காக்களிலும் இன்று பெரும்பாலும் அதுவே வழக்கம். விளையாட்டுகள் சீட்டுக்குள் அடங்கிவிட்டபின், பயணியின் கை மீண்டும் மீண்டும் பணப்பைக்குள் செல்லும் இடம் உணவகம் ஒன்றுதான். வெளியுணவுக்குத் தடை விதிக்கப்படுவதன் பொருளியல் நியாயம் இங்கே இருக்கிறது. தூய்மை, பாதுகாப்பு என்று கூறப்படும் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் அவை முழுக் காரணமும் அல்ல.

சட்டமும் ஓரளவு வாயிலின் பக்கமே நிற்கிறது. 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம், வெளியுணவைத் தடுக்கத் திரையரங்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே வேளையில், தூய குடிநீரைக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்றும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுசெல்வதைத் தடுக்கலாகாது என்றும் குறிப்பிட்டது. அத்தீர்ப்பு திரையரங்குகளைப் பற்றியது. பூங்காக்களை நேரடியாகக் குறிப்பதன்று. எனினும், குடிநீர்க் குழாய் எங்கே உள்ளது, குழந்தையின் உணவுக்கு விலக்கு உண்டா என்ற இரண்டு வினாக்களையும் எந்தப் பூங்காவின் வாயிலிலும் தயக்கமின்றிக் கேட்கலாம்.

விலை உயரும்போது அதன் சுமை குடும்பத்துக்குள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதும் நோக்கத்தக்கது. உணவகப் பலகையின் முன் நின்று நான்கு பேருக்குக் கணக்கிடும்போது, பெரும்பாலும் தாயோ பாட்டியோ, "எனக்கு வேண்டாம்ப்பா, காலையில சாப்பிட்டதே நிறைவா இருக்கு" என்று விலகிக்கொள்கிறார். பிள்ளைகள் விட்டுவைத்த சோறு அவருக்குப் பகலுணவாகிறது. அந்தச் சொல்லை எவரும் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்தால் ஒரு தட்டு கூடும். 'சிக்கனமாகச் சமாளித்தோம்' என்று வீடு திரும்பிச் சொல்லப்படும் பல கணக்குகளில் ஒருவரின் பசி எழுதப்படாமல் கிடக்கிறது. ஆகவே, பூங்காவில் மிகையாகச் செலவிடாமல் நன்றாக உண்பது எப்படி என்ற வினா அற்பமானதன்று. எவரும் பட்டினி கிடக்காமல் சிக்கனம் செய்வது எப்படி என்பதே அதன் சரியான வடிவம்.

தமிழர் மரபில் இவ்வினாவுக்குப் பழைய விடை ஒன்று உண்டு: கட்டுச்சோறு. புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் வழிப்பயணத்துக்கென்றே வளர்ந்த உணவுகள். புளிப்பும் எண்ணெயும் அவற்றை மாலை வரை காக்கின்றன. இன்று மலையாளத்தில் இலையில் கட்டிய சோற்றுக்குப் 'பொதிச்சோறு' என்று பெயர். தமிழிலும் 'பொதிசோறு' பழஞ்சொல்லே. சீர்காழியை அடுத்த திருக்குருகாவூரில், பசித்து வந்த சுந்தரருக்குச் சிவபெருமான் பந்தலிட்டுப் பொதிசோறும் தண்ணீரும் அளித்ததாகப் பெரியபுராணம் கூறும். சமையற்காரரையும் எரிவாயு உருளையையும் ஏற்றிக்கொண்டு வரும் தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பேருந்து அம்மரபின் இன்றைய வடிவம் எனலாம். பூங்கா வாயில் தடுப்பது இந்த மரபைத்தான். ஆனால் வாயிலுக்கு உட்பட்ட பொழுதை மட்டுமே அதனால் தடுக்க இயலும். முன்னும் பின்னும் உள்ள பொழுது பயணியுடையது.

ஆகவே முதல் வழி, உணவை வாயிலுக்கு வெளியே நகர்த்துவது. திறக்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாக, சாலையோர ஓட்டலில் புட்டும் கடலையுமோ இட்லியோ உண்டுவிட்டால், உள்ளே ஒரு வேளை உணவு போதும். முன்னதாக உண்பதற்கு வேறொரு நன்மையும் உண்டு: வயிறு நிறைந்த உடனே சுழலும் விளையாட்டுகளில் ஏறினால் குமட்டும். பகலில் வெளியே சென்று மீண்டும் உள்ளே வர இசைவு உண்டா என்பதைச் சீட்டு வாங்கும்முன்பே கேட்டறிய வேண்டும். இசைவு இருந்தால், ஊர்தியில் உள்ள கட்டுச்சோறே பகலுணவு. இல்லையெனில், உள்ளே வாங்கும் ஒரு வேளையைச் சோறு மையமான முழு உணவாக வாங்குவது நல்லது. ஐந்தாறு முறை வாங்கும் வறுவலும் பனிக்கூழும் குளிர்பானமும் சேர்ந்தால் முழு உணவின் விலையைத் தாண்டிவிடும், பசியும் தீராது. நீர் விளையாட்டில் நனைந்த பிள்ளைகளுக்கு மாலை நான்கு மணிக்குப் பெரும்பசி எடுக்கும். அந்த வேளைக்கு வாயிலை விட்டு வெளியேறுவதாகத் திட்டமிட்டால், ஊர்தியில் காத்திருக்கும் புளியோதரை அமிழ்தம். தயிர்ச்சோற்றை மட்டும் வெயிலில் நிற்கும் ஊர்தியில் விட்டுவைக்கலாகாது.

மறுநாள் மட்டாஞ்சேரியில் நிலைமை தலைகீழ். இங்கு வாயில் இல்லை. அரண்மனையிலிருந்து சில நிமிட நடையில் சந்தைத் தெரு. அங்கே மிளகும் இஞ்சியும் அரிசியும் அடுக்கிய பண்டகசாலைகள். கொங்கணி, குஜராத்தி, தமிழ், கன்னடம், உருது என ஒரு டசனுக்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசுவோர் சில சதுர கிலோமீட்டருக்குள் வாழும் ஊர் இது. ஒவ்வொரு மொழிக்கும் ஓர் அடுப்பும் உண்டு. 1948இல் தொடங்கப்பட்ட காயீஸ் ரஹ்மத்துல்லா ஓட்டலின் ஆட்டிறைச்சிப் பிரியாணியைத் தேடிப் பயணிகளும் வருகிறார்கள், உள்ளூர்க்காரர்களும் வருகிறார்கள். சீரகச்சம்பாவுக்குப் பழகிய தமிழ் நாவுக்கு அதன் சிறுமணிக் கைமா அரிசி அயலாகத் தோன்றாது. குஜராத்தி சாலையின் பலகாரங்கள், தேநீர்க் கடைகளில் 'சாயாவும் கடியும்' என்னும் இணைக்குள் அடங்கும் பழம்பொரியும் பரிப்புவடையும், நண்பகலில் மட்டையரிசிச் சோற்றோடு வரும் ஊண் ஆகிய எவையும் பயணிக்கெனச் சமைக்கப்பட்டவையல்ல.

மலையாள எழுத்து அறியாத தமிழருக்கு ஒரு சிறு குறிப்பு. தெருவின் பலகைகளே அங்கு உண்பவர் யார் என்பதைச் சொல்லிவிடும். ஆங்கிலப் பட்டியலும் வண்ணப்படங்களும் வாசலில் நிற்கும் கடை பயணியை நோக்குகிறது. மலையாளத்தில் மட்டும் 'ஊண்' என்று எழுதிய சிறு பலகை அயலாரை அழைப்பதேயில்லை. 'உண்' என்னும் வினையடியிலிருந்து வந்த அச்சொல்லின் வடிவத்தைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் போதும். ஊணுக்கு விலை நிலையானது. பொரித்த மீனுக்கு மட்டும் அளவைப் பொறுத்து மாறும். அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது வழக்கமே, இழுக்கன்று.

இந்த மலிவு இயற்கையாக விளைந்ததன்று. மட்டாஞ்சேரி துறைமுகத் தொழிலாளரின் ஊர். ஒரு காலத்தில் 'சாப்பா' என்னும் உலோக வில்லைகளை மேற்பார்வையாளர் கூட்டத்தில் வீசுவார். முண்டியடித்துப் பிடித்தவருக்கு மட்டுமே அன்றைய வேலை. வில்லை கிடைக்காத நாளில் அடுப்பும் இல்லை. அம்முறையை எதிர்த்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாட்கூலியில் உண்பவர்கள் நிறைந்த தெருவில் சோற்றின் விலையை ஓர் எல்லைக்கு மேல் உயர்த்த முடியாது. உயர்த்தினால் அவர்கள் அடுத்த கடைக்குச் செல்வார்கள். பயணி பெறும் நியாய விலை, அவர் பக்கத்தில் அமர்ந்து உண்ணும் சுமைத்தொழிலாளி காத்துத் தந்த விலை.

அந்தக் காவல் என்றும் நிலைத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. 2012இல் தொடங்கிய கொச்சி - முசிரிஸ் பியனாலே உலகப் பயணிகளைக் கொணர்ந்தது. 2025இல் மட்டாஞ்சேரிக்கு நீர் மெட்ரோவும் வந்துவிட்டது. இரண்டும் ஊருக்கு நன்மையே. ஆனால் யூதர் தெருவின் பண்டகசாலைகள் கலைப்பொருள் அங்காடிகளாகவும் காப்பியகங்களாகவும் மாறியதைப் போல, உள்ளூர்க்காரர் உண்ணும் கடைகளும் ஒவ்வொன்றாக மாறுமானால், மதில் எழுப்பாமலே ஊர் ஒரு பூங்காவாகிவிடும்.

வாயில் இருந்தால் விலை உயர்ந்தே தீரும் என்பதும் மாறா விதியன்று. அமெரிக்காவின் அட்லாண்டாவில் 2017இல் திறக்கப்பட்ட மெர்சிடஸ் - பென்ஸ் விளையாட்டரங்கம், முந்தைய அரங்கின் விலைகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஒருவர் உணவுக்குச் செலவிட்ட தொகை குறையவில்லை, 16 விழுக்காடு கூடியது. கேரளத்திலேயே குடும்பஸ்ரீ மகளிர் நடத்திய மக்கள் உணவகங்கள் 2020 முதல் 20 ரூபாய்க்கு ஊண் அளித்தன. 2023இல் அரசின் மானியம் நின்றபின் விலை 30 ரூபாயாயிற்று. தமிழ்நாட்டில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகம் இட்லியை ஒரு ரூபாய்க்குத் தந்தது. மானியத்தில் நடப்பவற்றை இலாப நிறுவனத்தோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால் எளிய முழு உணவு ஒன்றை நியாய விலையில் வைக்கும் பூங்கா நட்டமடையும் என்பதற்கு அட்லாண்டா சான்று தரவில்லை.

அதுவரை பயணத்துக்குப் புறப்படும் குடும்பம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நுழைவுச்சீட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று எழுதும் தாளிலேயே, பகலுணவுக்கும் தலைக்கு இவ்வளவு என்று வீட்டிலேயே எழுதிவிட வேண்டும். பாட்டியின் பெயருக்கு எதிரேயும் அதே தொகை இருக்க வேண்டும். முன்பே ஒதுக்கப்பட்ட பணம் மிச்சப்படுத்த வேண்டிய பணமாகத் தோன்றாது. பலகையின் முன் நிற்கும்போது எவரும் பசியில்லை என்று சொல்ல வேண்டிய தேவையும் எழாது.