படம் எங்கே உடைகிறது?

திரையில் பளிச்சென்று இருந்த படம் அச்சில் கட்டம் கட்டமாக உடைந்து வந்தால், பலரும் முதலில் கைவைப்பது பிரிண்டரில்தான். கார்ட்ரிட்ஜை மாற்றுவார்கள், டிரைவரை அழித்து மறுபடி போடுவார்கள். நான் முதலில் திறப்பது இன்டிசைனின் லிங்க்ஸ் பேனலை.

பேஜ்மேக்கர் காலத்திலிருந்தே வழக்கம் இதுதான்: பக்கத்தில் நாம் காண்பது பெரும்பாலும் படத்தின் மெலிந்த நகல். மூலக் கோப்பு வேறு ஃபோல்டரில் கிடக்கும். அச்சுக்குப் போகும்போது மென்பொருள் அதைத் தேடும். யாராவது ஃபோல்டரின் பெயரை மாற்றியிருந்தாலோ, பென் டிரைவைக் கழற்றியிருந்தாலோ, அந்த மெலிந்த நகலே அச்சாகிவிடும். இன்டிசைனில் அத்தகைய படத்தின் பெயருக்கு அருகில் சிவப்பு வட்டத்துக்குள் கேள்விக்குறி நிற்கும்.

லிங்க் சரியாக இருந்தும் உடைகிறதா? அதே பேனலில் எஃபெக்டிவ் பிபிஐ எவ்வளவு என்று பாருங்கள். "300 ரெசல்யூஷன் சார்" என்று சொல்லித்தான் படம் தருவார்கள். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பக்கத்தில் அதை இருமடங்கு இழுத்துவிட்டால் மிஞ்சுவது 150 தான். 150 லைன் ஸ்கிரீனில் ஆர்ட் பேப்பரில் ஓடும் வேலைக்கு அது போதாது. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படமென்றால், ஒரிஜினலை டாகுமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். கேட்கக் கூச்சப்படவே கூடாது.

அதிலும் பிடிபடவில்லை என்றால், படத்தை மட்டும் ஒரு வெற்று டாகுமெண்டில் வைத்து அச்சடித்துப் பார்ப்பேன். அங்கே ஒழுங்காக வந்தால் கோளாறு பக்கத்தில். அங்கேயும் உடைந்தால் படத்தில்.

என்னை அதிகம் யோசிக்க வைத்த கோளாறு வேறு. அடர்ந்த நிறத்தின் மேல் வைத்த வெள்ளை லோகோ அச்சில் காணாமலே போய்விடும்! முதலில் கறுப்பாக இருந்தபோது அந்த லோகோவுக்கு ஓவர்பிரிண்ட், அதாவது கீழே உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகும் அமைப்பு, கொடுத்திருப்பார்கள். பிறகு நிறத்தை வெள்ளையாக்கியவர் அதை எடுக்க மறந்திருப்பார். வெள்ளைக்கு மை கிடையாது. ஓவர்பிரிண்ட் இருப்பதால் கீழே உள்ள நிறமும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்காது. இதில் கொடுமை என்னவென்றால், ஆபீஸ் பிரிண்டர்கள் பெரும்பாலும் ஓவர்பிரிண்டைப் பொருட்படுத்துவதில்லை. ப்ரூஃபில் லோகோ அழகாகத் தெரியும், வாடிக்கையாளரும் கையெழுத்துப் போட்டுவிடுவார், பிளேட்டில் மட்டும் இருக்காது. அதனால் அச்சகத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு பிடிஎஃபையும் அக்ரோபேட்டின் அவுட்புட் பிரிவியூவில் திறந்து, சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று ஒவ்வொரு பிளேட்டாக அணைத்துப் பார்ப்பேன். எவ்வளவு அவசர வேலையானாலும் இதை விடுவதில்லை.