சிவப்பு வட்டம், நீல வட்டம்

வானொலியில் வாய் ஓயாமல் பேசிப் பழகியவள் நான். மக்காவ் நகரில் ஒரு பக்காரா மேசைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் வாயே திறக்காமல் நின்றேன். விளையாடவில்லை, வேடிக்கை மட்டும்தான்.

கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரம் பறந்தால் மக்காவ். 1557இல் போர்த்துகீசியர் குடியேறிய ஊர். 1999 டிசம்பரில் சீனாவிடம் திரும்பியது. தெருப்பெயர்கள் இன்றும் நீலமும் வெள்ளையுமான ஓடுகளில் இரு மொழிகளில் இருக்கின்றன. நாற்பது ஆண்டுகள் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த சூதாட்ட உரிமம் 2002இல் மற்றவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. 2006இல் இந்தச் சிறிய ஊர் சூதாட்ட வருமானத்தில் லாஸ் வேகாசை முந்தியது. அந்த வருமானத்தில் பெரும்பகுதியைக் கொண்டு வருவது பக்காரா.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் செல்வந்தர்கள் விருந்துக்குப் பின் ஆடிய ஆட்டம் இது. பிரிட்டனில் 1890இல் ஒரு மாளிகையில் நடந்த ஆட்டத்தில் ஏமாற்று நடந்ததாகப் புகார் எழ, மறு ஆண்டு இளவரசரே நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர் அவர்தான்! ஜேம்ஸ் பாண்டும் முதல் நாவலில் ஆடியது பக்காராதான். 2006இல் வந்த படத்தில்தான் அதைப் போக்கராக மாற்றிவிட்டார்கள்.

ஆட்டத்தை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். எட்டுக் கட்டுகள், 416 சீட்டுகள். 'பிளேயர்', 'பேங்கர்' என்று இரண்டு பக்கங்கள். இவை வெறும் பெயர்கள். யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமும் பணம் வைக்கலாம், சமநிலை மீதும் வைக்கலாம். பக்கத்துக்கு இரண்டு சீட்டு. ஏஸ் ஒன்று, பத்து, ஜாக், ராணி, ராஜா எல்லாம் பூஜ்யம். கூட்டுத்தொகையில் கடைசி இலக்கம் மட்டுமே கணக்கு. ஏழும் எட்டும் பதினைந்து, அதாவது ஐந்து. ஒன்பதுக்கு அருகில் இருப்பது வெல்லும். மூன்றாவது சீட்டு எடுக்கலாமா என்பதையும் விதியே சொல்லிவிடும்: எந்தப் பக்கமும் எட்டோ ஒன்பதோ பெறாதபோது பிளேயரிடம் ஐந்தோ அதற்குக் குறைவோ இருந்தால் எடுக்க வேண்டும், ஆறு ஏழென்றால் கூடாது. பேங்கருக்குத் தனி அட்டவணை.

பணத்தை வைத்த பிறகு, ஆடுபவர் முடிவு செய்ய எதுவுமே இல்லை.

ஆனால் நான் நின்ற மேசையில் அப்படித் தெரியவில்லை. அதிகப் பணம் வைத்த பெரியவரிடம் சீட்டைக் கவிழ்த்துக் கொடுத்தார்கள். அவர் ஓரத்தை மடக்கி மடக்கி, மில்லிமீட்டர் கணக்கில் பிரித்தார். வேண்டாத புள்ளியை ஊதித் தள்ளுவதுபோல் சீட்டின் மேல் ஊதினார். சுற்றி நின்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். கசங்கிய சீட்டுகள் அடுத்த ஆட்டத்துக்குத் திரும்புவதில்லை.

அவர் பக்கத்தில் ஒரு கட்டம் போட்ட தாள், சிவப்பும் நீலமுமாகப் பேனா. சூதாட்டக்கூடமே இலவசமாகத் தருகிறது. பேங்கர் வென்றால் சிவப்பு வட்டம், பிளேயர் வென்றால் நீலம். மேசைமேல் இருந்த திரையிலும் அதே வட்டங்கள். இந்த வரிசைகளை 'ரோடு' என்கிறார்கள். பெரிய ரோடு, சின்ன ரோடு, கரப்பான்பூச்சியின் பெயரில்கூட ஒன்று!

அங்கேதான் எனக்குக் கால் நகரவில்லை.

நான் ஆரம்பப்பள்ளியில் படித்தபோது என் பென்சில் பெட்டியில் சிவப்புப் பேனா அடிக்கடி காணாமல் போகும். சித்தப்பாவிடம்தான் இருக்கும். என் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வட்டம் வட்டமாகப் போட்டிருப்பார். "என்ன சித்தப்பா இது?" என்று கேட்டால், "ரோடும்மா. எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்குறேன்" என்பார். அவர் லாரி ஓட்டுநர். சரக்கு கொண்டு போகும் வழி என்றே நம்பினேன். எங்கள் ஊரில் ஒரு கடையின் மாடியில் திருட்டுத்தனமாக நடந்த மேசைக்கு அவர் போனது, சித்தியின் தாலிக்கொடி அடகுக்குப் போன பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

முந்தைய ஆட்டத்தில் யார் வென்றார் என்பது அடுத்த ஆட்டத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது. பேங்கர்மேல் 100 வெள்ளி வைத்தால் சராசரியாக 1 வெள்ளி 6 காசு கூடத்துக்குப் போகும். பிளேயர்மேல் வைத்தால் 1 வெள்ளி 24 காசு. சமநிலைமேல் வைத்தால் 14 வெள்ளிக்கும் அதிகம். பேங்கர் வென்றால் பிடிக்கும் ஐந்து விழுக்காட்டுக் கழிவும் இந்தக் கணக்கில் அடக்கம். எத்தனை பக்கம் வட்டம் போட்டாலும் இது மாறாது.

மறுநாள் செனாடோ சதுக்கத்துக்கு அருகில், அல்மெய்டா ரிபெய்ரோ சாலையில் உள்ள பழைய அடகுக்கடைக்குப் போனேன். 1917இல் தொடங்கி 1993இல் மூடியது, இப்போது அருங்காட்சியகம். கட்டியவர் கோவ் ஹோ நெங். 1937இல் மக்காவின் சூதாட்ட உரிமத்தைப் பெற்ற இருவரில் இவரும் ஒருவர்! வாசலுக்கு நேரே ஆளுயர மரப்பலகை. அடகு வைக்க வந்தவரின் முகம் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியக்கூடாதாம். அதைத் தாண்டினால் உயரமான கல்லா. பொருளைக் கை தூக்கித்தான் கொடுக்க வேண்டும். சித்தி குள்ளம். எட்டியிருக்காது.

ஊர் திரும்பியதும் மக்காவின் பேர்போன பாதாம் பிஸ்கட்டைக் கொண்டுபோய்ச் சித்தியிடம் கொடுத்தேன். "ஊரு எப்படிம்மா இருந்துச்சு?" என்றார். கைப்பேசியில் செயின்ட் பால் தேவாலயத்தின் முகப்பைக் காட்டினேன். 1835 தீயில் மற்றதெல்லாம் போய், அது மட்டும் நிற்கிறது என்றேன். "அழகா இருக்கு" என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.