வரி மாறிய வசனம்

ஒரு பாடத்தை ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் தட்டச்சுச் செய்கிறார், மூன்றாமவர் பக்கம் அமைக்கிறார், நான்காமவர் அச்சிடுகிறார். இவர்கள் அனைவரும் ஒரே கணினிச் செயலியைக் கையாளுவதில்லை. நம் மக்தப் பாடநூல்களும், ரமளான் கால அட்டவணைகளும், ஹஜ் வழிகாட்டிகளும் இப்படிக் கைமாறித்தான் நம் இல்லங்களை வந்தடைகின்றன. அந்த வழியில் எழுத்துக்கு என்ன நேர்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், உளூ, தொழுகை, அன்றாட துஆக்கள் ஆகியவற்றை உள்ளடக்கிய சிறுநூல் ஒன்றைப் பிள்ளைகளுக்காகத் தொகுத்தேன். வேர்டு செயலியில், யூனிகோடு எழுத்தில் தட்டச்சுச் செய்து அச்சகத்தில் ஒப்படைத்தேன். அவர்களோ இன்னும் பழைய பேஜ்மேக்கரில்தான் பக்கம் அமைத்து வந்தார்கள். அச்செயலிக்கு வலமிருந்து இடமாக எழுதும் முறை தெரியாது. ஆகவே, அரபி வரிகளைத் தலைகீழாகத் திருப்பித் தரும் சிறு துணைச் செயலி ஒன்றை அவர்கள் வைத்திருந்தார்கள். திருப்பப்பட்ட வரியை இடமிருந்து அடுக்கினால் கண்ணுக்குச் சரியான அரபியாகத் தெரியும். மெய்ப்பை இருமுறை பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ், பிழையேதும் இல்லை. ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.

அதன் பின்னர், பக்கத்தைச் சுற்றி அழகிய பூவேலைக் கரை ஒன்று வேண்டுமென யாரோ விரும்பியிருக்கிறார்கள். கரைக்கு இடம் விடுவதற்காக வரியின் அகலம் குறைக்கப்பட்டது. அகலம் குறைந்தால், கொள்ளாத சொல் வலது ஓரத்திலிருந்து கீழ் வரிக்கு இறங்கும். தமிழுக்கு அது வரியின் முடிவு. அரபிக்கோ அதுதான் தொடக்கம்! ஆயத்துல் குர்ஸியின் ஒவ்வொரு வரியிலும் முதற்சொற்கள் கீழே இறங்கி நின்றன. எழுத்தில் பிழையில்லை, ஹரகத்தில் பிழையில்லை, வரிசை மட்டும் குலைந்திருந்தது. அரபி அறியாத பணியாளர் அதை எவ்வாறு கண்டுகொள்வார்?

ஐந்நூறு பிரதிகள் அச்சாகி, பெரும்பகுதி வீடுகளுக்கும் சென்றுவிட்டன. பின்னர் ஒரு மாணவியின் உம்மா சொல்லியனுப்பினார்: “ஹஜ்ரத், பிள்ளை சரியாகத்தான் ஓதுகிறாள், கிதாபுதான் தவறாக ஓதுகிறது.” அந்தப் பிள்ளைக்கு ஆயத்து ஏற்கெனவே மனப்பாடம். நூலைப் பார்த்து முதன்முறையாகக் கற்கும் பிள்ளையின் நிலை என்ன என்று நினைக்கும்போது இன்றும் என் மனம் பதறுகிறது. வீடு வீடாகச் சென்று பிரதிகளைத் திரும்பப் பெற்றோம். இறைவசனம் அடங்கிய தாள்களைக் குப்பையில் இட முடியுமா? பக்கங்களைப் பிரித்தெடுத்து, தூய துணியில் சுற்றி, மையவாடியின் ஓரத்தில் ஆழக் குழி தோண்டி அடக்கம் செய்தோம்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. 1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் கோல்ட்ஃபார்ப் என்னும் சட்டம் பயின்றவர் இதே சிக்கலைத்தான் எதிர்கொண்டார். வழக்கறிஞர் அலுவலகத்து ஆவணங்களைத் திருத்த ஒரு செயலி, தேட ஒரு செயலி, அச்சுக்கு அமைக்க ஒரு செயலி. ஒன்றின் குறியீடு மற்றொன்றுக்குப் புரியவில்லை. ‘இவ்வரியைத் தடித்த எழுத்தில் இடு’ என்று சொல்வதை விட்டு, ‘இது தலைப்பு’, ‘இது பத்தி’ என்று பொருளின் தன்மையை மட்டும் குறித்து வைத்தால், எப்படிக் காட்டுவது என்பதை அந்தந்தச் செயலியே முடிவு செய்துகொள்ளும் என்பது அவரும் அவருடைய தோழர்கள் இருவரும் கண்ட வழி. அவ்வழியே வளர்ந்து 1986இல் உலகத் தர நிர்ணயமாகி, 1998இல் எக்ஸ்.எம்.எல். என்னும் எளிய வடிவம் பெற்றது. இயந்திரக் கையேடுகள் எழுதுவோர் இன்று பயன்படுத்தும் டிட்டா என்னும் முறையும் ஐ.பி.எம்.மில் தோன்றி, 2005இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்டதே. அம்முறையில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பை ஒருமுறை எழுதி வைத்தால், பத்துக் கையேடுகளும் அதனை அங்கிருந்தே எடுத்தாளும்.

மூலத்தை ஓரிடத்தில் பேணி, அதிலிருந்தே படியெடுப்பது நமக்குப் புதிய செய்தியா? ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள், அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமிருந்த ஏடுகளைப் பெற்று, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) உள்ளிட்ட குழுவினரைக் கொண்டு படிகள் எடுத்துப் பல பகுதிகளுக்கும் அனுப்பிவிட்டு, மூல ஏடுகளை அன்னையாரிடமே திருப்பி ஒப்படைத்தார்கள். அக்காலத்து எழுத்தில் ஹரகத்துகள் இல்லை. உயிரொலியைக் காட்ட வேறு நிற மையில் புள்ளியிடும் வழக்கம் பின்னரே வந்தது. அபுல் அஸ்வத் அத்துஅலி அவர்கள் அதனைத் தொடங்கி வைத்ததாகக் கூறுவர். நிறமே பொருளைச் சுமந்தது. ஒரே மையில் படியெடுத்தால் அப்பொருள் கெடும். இன்று வேர்டில் சிவப்பாக்கிய சொல் வேறொரு செயலிக்குச் சென்று கறுப்பாகிவிடும்போதெல்லாம் எனக்கு அந்தப் புள்ளிகளே நினைவுக்கு வருகின்றன.

தமிழிலும் இத்தகைய இடர்கள் உண்டு. பழைய பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. எழுத்துருவை நீக்கினால் அம்மா மறைந்துவிடுவாள்! மாற்றிச் செயலி கொண்டு யூனிகோடாக்கினால் தமிழ் மீளும். ஆனால் இடையே மெய்யாகவே ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களும் சேர்ந்து பொருளற்ற தமிழாகிவிடும். யூனிகோடும் எல்லா நோய்க்கும் மருந்தன்று. ‘ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்’ என்னும் முழு வாசகமும் அதில் ஒரே எழுத்தாக உள்ளது. அவ்வெழுத்து இல்லாத எழுத்துருவுக்குச் சென்றால் அங்கே நிற்பது வெறும் கட்டம். நபிகளாரின் பெயரருகே வெறும் கட்டமா? அடைப்புக்குறிக்குள் (ஸல்) என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன்.

இன்னொன்று, எந்தச் செயலியாலும் மீட்க இயலாதது. அரபியில் இருவேறு ககரங்களால் தொடங்கும் இரு சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கல்ப்’ என்றே ஆகும். ஒன்று உள்ளம், மற்றொன்று நாய். தமிழெழுத்திலிருந்து அரபிக்குத் திரும்பும் கருவி இவ்விரண்டில் எதைத் தேரும்? நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதியபோது இந்த மயக்கம் எழவில்லை.

இப்போது எங்கள் மத்ரஸாவில் பாடங்களை வெற்று யூனிகோடு உரையாக, பக்க அலங்காரம் ஏதுமின்றி வைத்திருக்கிறோம். தலைப்பு, வசனம், பொருள், குறிப்பு என்று அடையாளமிடுகிறோம். வசனங்களை எவரும் தட்டச்சுச் செய்வதில்லை. சரிபார்க்கப்பட்ட தன்ஸில் குர்ஆன் உரையிலிருந்து அத்தியாய எண், வசன எண் கொண்டே எடுக்கிறோம். பாண்டாக் என்னும் விலையில்லாச் செயலி அவ்வுரையை வேர்டு கோப்பாகவும் பிற வடிவங்களாகவும் மாற்றித் தருகிறது. அதனை 2006இல் உருவாக்கிய ஜான் மக்ஃபார்லேன் பெர்க்லியில் தத்துவம் கற்பிக்கும் பேராசிரியர். கலைப் பாடம் படித்த நமக்குக் கணினி எட்டாது என்று கூறும் நண்பர்களிடம் இதை நான் சொல்வதுண்டு. உளூ பாடம் ஒன்றே. பிள்ளைகளின் நூலும், பெண்கள் வகுப்பின் நூலும் அதையே எடுத்துக்கொள்கின்றன. திருத்தம் ஓரிடத்தில் செய்தால் போதும். அச்சகத்துக்கு நிலையான பி.டி.எஃப். கோப்பாகவே அனுப்புகிறோம்; கரை வேண்டுமானால் நாங்களே இடுகிறோம்.

எஞ்சியிருப்பவை, மறைந்த எங்கள் மூத்த உஸ்தாத் விட்டுச் சென்ற பேஜ்மேக்கர் கோப்புகள். அச்செயலியின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது; இன்றைய இன்டிசைன் அவற்றைத் திறப்பதில்லை. பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்துப் பதினான்கு பாடங்களை மீட்டோம். மூன்று திறக்கவில்லை. அவற்றை மங்கிய அச்சுப் பிரதியைப் பார்த்து, இஷாவுக்குப் பின் நாளுக்கு ஒரு பக்கமாகத் தட்டச்சுச் செய்து வருகிறேன். ஜனாஸா பாடம் முடிந்துவிட்டது. ஜகாத் பாடத்தில் ஒட்டகக் கணக்கு வரை வந்திருக்கிறேன்.